திறந்த ஆப்களை எல்லாம் தள்ளி மூட வேண்டுமா?

போனில் ஒரு வேலை முடிந்ததும் கீழிருந்து விரலை இழுத்து, வரிசையாக நிற்கும் ஆப் அட்டைகளை ஒன்றுவிடாமல் மேலே தள்ளி, திரை காலியான பிறகுதான் போனைக் கீழே வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பேட்டரி மிச்சமாகும், வேகம் கூடும், போன் சூடாகாது என்று யாரோ சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, இப்போது யோசிக்காமலே கை அதைச் செய்கிறது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஒரு ஆப் உறைந்துபோய் நின்றாலோ, கண்டபடி பேட்டரியைத் தின்றாலோ அந்த ஒன்றை மட்டும் மூடுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். மூடுவதால் லாபம் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை, இதைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. ஆனால் சின்ன நஷ்டம் எப்போதும் இருக்கிறது, சில போன்களில் பெரிய நஷ்டமே இருக்கிறது. காலையில் அடிக்காத அலாரம், மணிக்கணக்கில் தாமதமாக வரும் செய்தி, பாதியில் நின்றுபோன போட்டோ பேக்கப் என்று புலம்புகிறவர்களிடம் விசாரித்துப் பார்த்தால், இந்தப் பழக்கம் அங்கே இருப்பது உண்டு.

முதலில் அந்த அட்டை வரிசை என்ன என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் குழப்பம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது. அதில் பதினைந்து ஆப் நின்றால் பதினைந்தும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும். உண்மையில் அது நீங்கள் கடைசியாக எதை எதைப் பயன்படுத்தினீர்கள் என்ற பட்டியல், அவ்வளவுதான். ஒவ்வொரு அட்டையிலும் தெரிவது நீங்கள் அந்த ஆப்பை விட்டு வெளியே வந்த நொடியில் போன் எடுத்து வைத்துக்கொண்ட படம். அந்தப் படத்துக்குப் பின்னால் ஆப் உயிரோடு இருக்கலாம், உறங்கிக்கொண்டிருக்கலாம், எப்போதோ நீக்கப்பட்டும் இருக்கலாம், அட்டையைப் பார்த்து உங்களால் வித்தியாசம் சொல்லவே முடியாது. நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். போனை முழுதாக அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். எந்த ஆப்பையும் தொடாமல் நேராக அந்த அட்டைத் திரைக்குப் போங்கள். ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் பழைய அட்டைகள் அப்படியே வரிசையில் நிற்கும். இப்போதுதான் போன் எழுந்திருக்கிறது, ரேம் (ஓடும் ஆப்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) முழுவதும் துடைக்கப்பட்டு எல்லாம் புதிதாகத் தொடங்கியிருக்கிறது, அந்த ஆப்களில் எதையும் நீங்கள் இன்னும் திறக்கவில்லை. ஆனாலும் அட்டை இருக்கிறது.

சரி, ஒரு ஆப்பை விட்டு வெளியே வரும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

ஐபோனை எடுத்துக்கொண்டால், ஒரே நேரத்தில் பல ஆப் என்ற வசதி அதற்கு வந்ததே 2010-இல், அதன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 4-ஆம் பதிப்புடன். அப்போது ஆப்பிள் எடுத்த முடிவு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. நீங்கள் ஹோம் திரைக்குப் போனதும், அந்த ஆப்புக்குச் சில நொடி அவகாசம் தரப்படும், அதற்குள் சேமிக்க வேண்டியதைச் சேமித்துக்கொள்ள வேண்டும். முடிக்காத வேலை ஏதாவது இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம், அதுவும் சுமார் அரை நிமிடம்தான். அதற்குப் பிறகு ஆப் நிறுத்திவைக்கப்படும். நிறுத்திவைப்பு என்றால் ரேமில் அதன் இடம் அப்படியே இருக்கும், ஆனால் அதன் கோடில், அதாவது நிரலில், ஒரு வரிகூட ஓடாது, பிராசஸர் அதன் பக்கம் திரும்பாது. பாட்டு பாடுவது, வழிகாட்டுவது, இணையவழிப் பேச்சு, புளூடூத் கருவியோடு பேசுவது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் பின்னணியில் தொடர்ந்து ஓட அனுமதி உண்டு, அதையும் ஆப்பை எழுதியவர்கள் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். பிறகு எப்போதாவது ரேம் போதாமல் போனால், நிறுத்திவைத்த ஆப்களில் சிலவற்றை ஐஓஎஸ் தானே நீக்கிவிடும். நீக்கும்போது அந்த ஆப்புக்குச் சொல்வதுகூட இல்லை. நீங்கள் கையால் செய்ய நினைக்கும் அதே வேலையை, தேவை வரும்போது மட்டும், உங்களைவிட நன்றாகத் தெரிந்துகொண்டு அது செய்கிறது.

ஆண்ட்ராய்டில் வழி கொஞ்சம் வேறு, முடிவு கிட்டத்தட்ட அதுதான். அங்கே ஒவ்வொரு ஆப்பின் புராசஸுக்கும் (ரேமில் ஏறியிருக்கும் ஆப்பின் இயக்கத்துக்கு அப்படிப் பெயர்) ஒரு முக்கியத்துவ எண் கொடுக்கப்படுகிறது. திரையில் இருப்பது முதலிடம், கண்ணுக்குத் தெரிகிற வேலை செய்வது (பாட்டு, நேவிகேஷன்) அடுத்து, அதன் பிறகு மற்ற சேவைகள், கடைசியில் நீங்கள் திறந்து விட்டுப்போன, இப்போது சும்மா இருக்கும் ஆப்கள். கடைசி வகைக்கு கேஷ்டு புராசஸ் என்று பெயர். திரும்பி வந்தால் சட்டென்று திறக்கட்டும் என்பதற்காக மட்டுமே அவை ரேமில் வைக்கப்பட்டிருக்கின்றன. ரேம் நெருக்கடி வந்தால் அந்தக் கடைசி வரிசையிலிருந்துதான் ஆட்குறைப்பு தொடங்கும், அதற்கென்றே எல்எம்கேடி என்ற ஒரு நிரல் எப்போதும் காவல் இருக்கிறது. முன்பெல்லாம் இந்தக் கடைசி வரிசை ஆப்கள் சத்தமில்லாமல் கொஞ்சம் பிராசஸரைத் தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு இருந்தது. ஆண்ட்ராய்டு 11-இல் அவற்றை அப்படியே உறையவைக்கும் வசதி வந்தது, 14-இல் அதை இன்னும் கண்டிப்பாக்கினார்கள். வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே ஆப் உறைந்துவிடும். 13-ஐவிட 14-இல் இந்த உறங்கும் ஆப்கள் எடுக்கும் பிராசஸர் வேலை 50 சதவீதம் வரை குறைந்ததாக கூகுளே சொல்லியிருக்கிறது. உறைந்து கிடப்பதை எத்தனை தரம் தள்ளி மூடினாலும் அதிலிருந்து எடுப்பதற்குப் பேட்டரி எதுவும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்விதான்: ஓடவில்லை, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ரேமில் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கிறதே, அதற்கு மின்சாரம் செலவாகாதா? ரேம் என்பது சின்னச் சின்ன மின்தேக்கிகளில் தகவலை வைத்திருக்கும் பொருள். அந்த மின்னூட்டம் தானாகவே கசிந்துபோகும் என்பதால், நொடிக்குப் பல முறை அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புதுப்பிப்பு உள்ளே பயனுள்ள தகவல் இருக்கிறதா, பழைய குப்பை இருக்கிறதா என்று பார்த்து நடப்பதில்லை. 8 ஜிபி ரேமில் 2 ஜிபி காலியாக இருந்தாலும், 5 ஜிபி காலியாக இருந்தாலும் அந்தச் செலவு நடைமுறையில் ஒன்றுதான். அதனால் காலி ரேம் என்பது சேமிப்பு கிடையாது, பணம் கொடுத்து வாங்கி பயன்படுத்தாமல் விட்ட இடம். ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருக்கும் லினக்ஸும் சரி, ஐஓஎஸும் சரி, ரேமை முடிந்தவரை நிரப்பி வைப்பதையே குறியாகக் கொண்டவை. எல்லாவற்றையும் மூடு என்ற பொத்தானை அழுத்தியதும் 'இத்தனை ஜிபி விடுவிக்கப்பட்டது' என்று ஒரு எண் வந்து நிற்குமே, அதைப் பார்த்தால் ஏதோ சாதித்த மாதிரி இருக்கும். அடுத்த சில நிமிடங்களில் போன் அந்த இடத்தை மறுபடி நிரப்பிவிடும், அதைத்தான் அது செய்ய வேண்டும்.

இப்போது செலவுப் பக்கத்துக்கு வருவோம். மூடிய ஆப்பை நீங்கள் திரும்பத் திறக்காமல் இருக்கப் போவதில்லை. ஒரு நாளில் முப்பது தடவை திறக்கும் மெசேஜிங் ஆப்பை முப்பது தடவையும் மூடுகிறீர்கள் என்றால், முப்பது தடவையும் அது பூஜ்யத்திலிருந்து எழுந்து வர வேண்டும். புதிய புராசஸ் உருவாக வேண்டும், ஆப்பின் கோடை ஸ்டோரேஜிலிருந்து ரேமுக்கு ஏற்ற வேண்டும், அதன் லைப்ரரிகள் தயாராக வேண்டும், உள்ளே இருக்கும் டேட்டாபேஸைத் திறக்க வேண்டும், சர்வரோடு பாதுகாப்பான இணைப்பைப் புதிதாக ஏற்படுத்த வேண்டும், முகப்புத் திரையின் படங்களையும் எழுத்துகளையும் மறுபடி வரைய வேண்டும். இதை கோல்ட் ஸ்டார்ட் என்பார்கள், அந்த நொடிகளில் பிராசஸர் தன் முழு வேகத்துக்குப் போகும். உறங்கிக் கிடந்த ஆப்பை எழுப்பினால் இதில் பெரும்பகுதி தேவையில்லை, ஏற்கெனவே ரேமில் இருப்பதைத் திரைக்குக் கொண்டுவந்தால் போதும். ஆப் தயாரிப்பவர்களுக்காக கூகுள் வைத்திருக்கும் அளவுகோலே இந்த வித்தியாசத்தைக் காட்டும்: கோல்ட் ஸ்டார்ட் 5 நொடி எடுத்தால்தான் அதிகம் என்று கணக்கு, ரேமில் தயாராக இருப்பதை முன்னால் கொண்டுவரும் ஹாட் ஸ்டார்ட்டுக்கோ 1.5 நொடியே அதிகம்.

மொபைல் டேட்டாவில் இருந்தால் இன்னொரு செலவும் சேரும், இதை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஆப் புதிதாக எழுந்ததும் சர்வரைக் கூப்பிடும், அதற்காகப் போனின் ரேடியோ பகுதி அதிக மின்சாரம் எடுக்கும் நிலைக்குப் போகும். தகவல் வந்து முடிந்த உடனே அது அணைந்துவிடாது, இன்னும் ஏதாவது வருமோ என்று சில நொடிகள் அதே நிலையில் காத்திருந்துவிட்டுத்தான் இறங்கும். இரண்டு கேபி தகவலுக்காக எழுந்தாலும் அந்தக் காத்திருப்பு உண்டு. ஒரு தடவைக்கு இது ஒன்றுமே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மூடுவதால் பேட்டரி பாதியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை, நஷ்டம் சிறியதுதான். ஆனால் பேட்டரி மிச்சமாகட்டும் என்று மெனக்கெட்டு ஒரு வேலையைச் செய்து, அதனால் கணக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது என்றால் எதற்கு அந்த வேலை?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், அது ஒரு காலத்தில் சரியான பழக்கமாகவே இருந்தது. சிம்பியன் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடிய நோக்கியா போன்ற போன்கள் வைத்திருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 'நினைவகம் நிரம்பிவிட்டது, சில ஆப்களை மூடுங்கள்' என்று போனே கெஞ்சும். 2007-இல் வந்த நோக்கியா என்95-இல் மொத்த ரேமே 64 எம்பி, அந்தப் போனில் நீங்கள் மூடாத ஆப் உண்மையாகவே ஓடிக்கொண்டுதான் இருக்கும். 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனுக்கு 192 எம்பி ரேம், அதிலும் மூச்சு முட்டத்தான் செய்தது. அப்போதுதான் டாஸ்க் கில்லர் என்ற வகை ஆப்கள் பிரபலமாயின, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஓடி எல்லாவற்றையும் அடித்துப் போடுவதே அவற்றின் வேலை. அடிபட்ட ஆப்களில் பல உடனே மறுபடி எழுந்து வரும், கில்லர் மறுபடி அடிக்கும், இந்தச் சண்டையில் பேட்டரிதான் கரையும். 2010-இல் ஆண்ட்ராய்டு 2.2 வந்தபோதே ஒரு ஆப் இன்னொரு ஆப்பை முழுதாக நிறுத்தும் அதிகாரத்தை கூகுள் வெட்டிவிட்டது, பின்னணியில் சும்மா இருப்பதை நீக்கச் சொல்லும் உரிமை மட்டும் மிஞ்சியது. ஆண்ட்ராய்டு 14-இல் அதுவும் போயிற்று, இப்போது ஒரு ஆப் தன்னுடைய சொந்தப் பின்னணி வேலைகளை மட்டுமே நிறுத்த முடியும். பூஸ்டர், கிளீனர் என்ற பெயரில் இன்னமும் கிடைக்கும் ஆப்களை நம்பி இறக்கி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேகம் கூட்டுகிறேன் என்று வந்து எப்போதும் ஓடிக்கொண்டு விளம்பரம் காட்டும் அந்த ஆப்பை நீக்குவதுதான் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம்.

தயாரித்தவர்களிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். 2010-இல் ஒரு வாடிக்கையாளர் மின்னஞ்சலில் கேட்டதற்கு, வடிவமைத்தபடியே பயன்படுத்துங்கள், ஆப்களை மூட வேண்டிய தேவையே இல்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பதில் எழுதியதாக அப்போதே செய்தி வந்தது. 2016 மார்ச்சில் இன்னொரு வாடிக்கையாளர் டிம் குக்குக்கு எழுதி, நீங்கள் அடிக்கடி ஆப்களை மூடுவீர்களா, பேட்டரிக்கு அது தேவையா என்று இரண்டு கேள்வி கேட்டார். குக்குக்குப் பதிலாக ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பதில் அனுப்பினார்: இரண்டுக்கும் 'இல்லை'. அதை ஒட்டி, அன்று ஆண்ட்ராய்டின் பொறுப்பில் இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார், மூடினால் மிகச் சிறிய அளவில் நிலைமை மோசமாகக்கூட ஆகலாம் என்றார். எல்லா விஷயத்திலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொல்வது அபூர்வம்.

இனி பெரிய நஷ்டம் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தரும் பகுதி.

ஐபோனில் ஒரு ஆப்பை மேலே தள்ளி மூடினால், இந்த ஆப் இப்போது எனக்கு வேண்டாம் என்று பயனரே சொல்லிவிட்டார் என ஐஓஎஸ் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நீங்களாகத் திறக்கும்வரை அந்த ஆப்புக்குப் பின்னணியில் புதுப்பித்துக்கொள்ளும் வாய்ப்பு கிடையாது. திரையில் காட்டும் வழக்கமான நோட்டிஃபிகேஷன் வரும், ஆனால் ஆப்பைச் சத்தமில்லாமல் எழுப்பிப் புதிய தகவலை இறக்கச் சொல்லும் வகை வராது. அது பின்னணியில் ஏதாவது பெரிய ஃபைலை ஏற்றவோ இறக்கவோ ஐஓஎஸ்ஸிடம் ஒப்படைத்திருந்தால், அந்தப் பரிமாற்றங்களும் ரத்தாகிவிடும். நூற்றுக்கணக்கான போட்டோக்களைக் கிளவுடுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டு, அந்த ஆப்பை உடனே தள்ளி மூடிவிட்டு, மறுநாள் பார்த்தால் பாதிதான் போயிருக்கிறது என்று ஆப்பைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. அதை விட்டிருந்தால், சார்ஜில் போட்டு வைஃபையில் கிடக்கும்போது அதுபாட்டுக்கு முடித்திருக்க வாய்ப்பு இருந்தது.

ஆண்ட்ராய்டில் தள்ளுவது வேறு, ஃபோர்ஸ் ஸ்டாப் வேறு. செட்டிங்ஸில் ஆப்பின் பக்கத்துக்குப் போனால் இருக்கும் அந்த ஃபோர்ஸ் ஸ்டாப் பொத்தான் மிகக் கடுமையானது. அதை அழுத்தினால் அந்த ஆப் வைத்திருந்த அலாரங்கள், நேரம் குறித்த வேலைகள் எல்லாம் ரத்து, சர்வரிலிருந்து வரும் செய்திகளும் அதற்குப் போய்ச் சேராது, நீங்கள் மறுபடி திறக்கும்வரை அது செத்த மாதிரிதான். அட்டையைத் தள்ளுவது அப்படி இல்லை, கூகுள் வடிவமைத்த ஆண்ட்ராய்டில் அது வரிசையிலிருந்து எடுக்கும், சும்மா இருக்கும் புராசஸை நீக்கும், ஆப்பின் அலாரமும் நோட்டிஃபிகேஷனும் தொடரும். சிக்கல் என்னவென்றால் எல்லாப் போனும் கூகுள் வடிவமைத்தபடியே இருப்பதில்லை. சில தயாரிப்பாளர்கள் பேட்டரி நாள் கணக்கில் நிற்கிறது என்று காட்டுவதற்காக, தள்ளுவதையே கிட்டத்தட்ட ஃபோர்ஸ் ஸ்டாப் ஆக மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட போனில் மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப்பை இரவு தள்ளி மூடிவிட்டுத் தூங்கினால் காலையில் அது மௌனமாகவே இருக்கும். இந்தத் தொல்லையால் பாதிக்கப்பட்ட ஆப் தயாரிப்பாளர்கள் 'டோன்ட் கில் மை ஆப்' என்று ஒரு தளமே நடத்துகிறார்கள், எந்தக் கம்பெனி போனில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. உடனே ஒன்று செய்யலாம்: அலாரம், மாத்திரை, சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, கைக்கடிகாரம் இவற்றோடு தொடர்புள்ள ஆப்களை எக்காரணம் கொண்டும் தள்ள வேண்டாம், பல போன்களில் அட்டையை அழுத்திப் பிடித்தால் பூட்டு போடும் வசதி இருக்கும், இவற்றுக்குப் பூட்டு போட்டுவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் போனை 'சுத்தம்' செய்து கொடுக்கும் பிள்ளைகளும் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும்.

மூடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. ஆப்கள் தப்பு செய்யும், சில சமயம் மோசமாகவே செய்யும். 2015 அக்டோபரில் நடந்தது நல்ல உதாரணம். ஐபோனில் ஃபேஸ்புக் ஆப் பின்னணியில் கண்டபடி பேட்டரியைத் தின்கிறது, பின்னணிப் புதுப்பிப்பை அணைத்து வைத்தாலும் தின்கிறது என்று புகார்கள் குவிந்தன. சில நாளில் அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஆரி கிராண்ட் இரண்டு காரணங்களை வெளிப்படையாக எழுதினார். ஒன்று, நெட்வொர்க் கோடில் ஒரு சுழல், பதில் வந்ததா வந்ததா என்று நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. காரில் போகும் குழந்தை ஊர் வந்துவிட்டதா என்று ஓயாமல் கேட்பதால் ஊர் சீக்கிரம் வந்துவிடாது என்று அவரே அதை விளக்கினார். இரண்டாவது இன்னும் நுட்பமானது. வீடியோ பார்த்துவிட்டு ஆப்பை விட்டு வெளியே வந்தால், ஒலிக்காக ஆப் திறந்த இணைப்பு சில நேரம் மூடப்படாமலே இருந்துவிட்டது. ஓசை எதுவும் இல்லை, ஆனால் ஏதோ பாட்டு ஓடுகிறது என்று எண்ணி ஐஓஎஸ் அந்த ஆப்பை உறங்கவைக்காமல் விழிக்கவைத்திருந்தது. மேலே சொன்ன அனுமதி பெற்ற வேலைகளின் பட்டியலில் பாட்டு இருந்ததே, அந்தக் கதவு வழியாகத்தான் இது உள்ளே வந்தது. அந்த நாட்களில் அந்த ஒரு ஆப்பை மூடி வைத்தவர்கள் செய்தது முழுக்கச் சரி. அதற்காக அதோடு சேர்த்து கால்குலேட்டரையும் கேலரியையும் மூடியிருந்தால் அதில் எந்தப் பயனும் இல்லை.

ஆக, எது தப்பு செய்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை, அதற்கு அட்டை வரிசை உதவாது, பேட்டரிப் பக்கம் உதவும். செட்டிங்ஸில் பேட்டரி என்ற இடத்துக்குப் போனால் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று இருக்கும். சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, நீங்கள் மூன்று மணி நேரம் வீடியோ பார்த்திருந்தால் வீடியோ ஆப்தான் முதலில் நிற்கும், அது குற்றம் இல்லை. பார்க்க வேண்டியது திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம் என்ற பிரிவை. நாள் முழுக்க நான்கு நிமிடம்தான் திறந்தீர்கள், ஆனால் பின்னணியில் மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது என்று ஒரு ஷாப்பிங் ஆப்போ கேம் ஆப்போ காட்டினால், ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அதைத் தினமும் தள்ளி மூடிக்கொண்டிருப்பதைவிட, ஐபோனில் பேக்கிரவுண்ட் ஆப் ரெஃப்ரெஷ் பட்டியலில் அதை மட்டும் அணைத்துவிடலாம், ஆண்ட்ராய்டில் அதன் பேட்டரி செட்டிங்கை 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று மாற்றிவிடலாம். லொகேஷன் அனுமதி 'எப்போதும்' என்று இருந்தால் 'பயன்படுத்தும்போது மட்டும்' ஆக்கிவிடுங்கள், பின்னணிச் செலவில் பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். அப்படியும் அடங்கவில்லை என்றால் அன்இன்ஸ்டால்.

இதில் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டு தானாகவே செய்யத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. 2015-இல் 6.0-உடன் வந்த டோஸ், போன் அசையாமல் மேஜையில் கிடந்தால் ஆப்கள் இணையத்தைத் தொடுவதை அவ்வப்போது சில நிமிடங்களுக்கு மட்டும் என்று ஒடுக்கியது. 2018-இல் 9-ஆம் பதிப்பு, நீங்கள் எதை எவ்வளவு அடிக்கடி திறக்கிறீர்கள் என்று பார்த்து ஆப்களை அடுக்குகளாகப் பிரித்தது, எப்போதாவது திறப்பதற்குப் பின்னணியில் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

குறைந்த ரேம் உள்ள போன் வைத்திருப்பவர்கள் எனக்கு இதெல்லாம் பொருந்தாது என்பார்கள். 2 ஜிபி, 3 ஜிபி போன்களில் நிலைமை இறுக்கமானதுதான். பெரிய கேம் ஒன்றைத் திறக்கும்போது போன் மற்ற ஆப்களை ஒவ்வொன்றாக நீக்கி, சிலவற்றைச் சுருக்கி வைத்து இடம் தேடும், அந்தச் சில நொடிகளில் திக்குவது கண்ணுக்கே தெரியும். முன்கூட்டியே நீங்கள் மூடிவிட்டால் அந்தத் திக்கல் கொஞ்சம் குறையலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட போனில் ஆப்களைப் பெரும்பாலும் போனே ஏற்கெனவே நீக்கியிருக்கும், நீங்கள் தள்ளுவதில் பாதிக்கு மேல் வெறும் அட்டையாக இருக்கும். ஆப்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், குறைந்த ரேமுக்கென்று சின்னதாக எழுதிய லைட் பதிப்பு இருந்தால் அதைப் போட்டுக்கொள்வதும் அங்கே நிஜமான பலன் தரும்.

தனியுரிமைக்காக மூடுகிறேன் என்பவர்களிடம் எனக்கு வாதம் இல்லை. போனை அடுத்தவர் கையில் கொடுக்கும் முன், அட்டையில் தெரியக் கூடாதது தெரிகிறது என்றால் தள்ளிவிடுங்கள், அதற்குத்தான் அது நன்றாகப் பயன்படும். வங்கி ஆப்கள் பெரும்பாலும் அட்டையில் தங்கள் திரையை மறைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தாமாகவே வெளியேறியும் விடும். முறையாக லாக் அவுட் செய்வதுதான் பாதுகாப்பு, அட்டையைத் தள்ளுவது அதற்கு மாற்று இல்லை.

பேட்டரியைத்தான் காப்பாற்ற வேண்டும் என்றால் கை போக வேண்டிய இடம் வேறு. திரையின் வெளிச்சம், அது எவ்வளவு நேரம் எரிகிறது, சிக்னல் பலவீனமான இடத்தில் போன் டவரைத் தேடித் தவிப்பது, கேமரா, நீண்ட நேர ஜிபிஎஸ், இவை எடுப்பதற்குப் பக்கத்தில் உறங்கும் ஆப் எடுப்பது கணக்கிலேயே வராது.

நேவிகேஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னணியில் உண்மையாகவே ஓடுபவற்றில் அதிகம் செலவு வைப்பது அதுதான். வழி காட்டும் ஆப்பை இடம் வந்ததும் அப்படியே விட்டு ஹோம் திரைக்கு வந்துவிட்டால், நீங்கள் போய்ச் சேர்ந்ததை அது உணராதவரை ஜிபிஎஸ்ஸை இயக்கிக்கொண்டே இருக்கும். மேலே நேரம் காட்டும் இடத்தில் ஐபோனில் நீல நிறம், ஆண்ட்ராய்டில் விலகாமல் நிற்கும் நோட்டிஃபிகேஷன், இவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்போது அட்டையைத் தேடிப் போகாமல், ஆப்புக்குள்ளே போய் பயணத்தை முடி என்று அழுத்துங்கள். பாட்டு, ஓட்டப்பயிற்சிப் பதிவு, இருப்பிடத்தைப் பகிர்தல், வீடியோ அழைப்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான், ஏனென்றால் ஆண்ட்ராய்டில் இந்த வகை வேலையில் இருக்கும் ஆப் அட்டையைத் தள்ளிய பிறகும் பல சமயம் தொடர்ந்து ஓடும். ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால், நோட்டிஃபிகேஷன் பகுதியை முழுக்கக் கீழே இழுத்து அடியில் பாருங்கள், இந்த நொடியில் பின்னணியில் உண்மையாகவே வேலை செய்யும் ஆப்களின் எண்ணிக்கை இருக்கும். அதைத் தொட்டால் ஒவ்வொன்றின் பெயருக்கு எதிரே நிறுத்து என்ற பொத்தான். அட்டை வரிசையில் இருபது ஆப் நிற்கும் போனில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஒன்று, இரண்டு பெயரோடு முடிந்துவிடும்.